காசநோயும் நம் சங்கங்களும்

காசநோய் கண்ட அங்கத்தினருக்குப் பாவும் நூலும் கொடுக்கத் தயங்குவதும், அவர் நெய்து கொணர்ந்த சேலையைத் தனியே ஒதுக்கி வைப்பதும், கூட்டங்களில் அவருக்கு மட்டும் வேறு குவளையில் தேநீர் அளிப்பதும் சில சங்கங்களில் வழக்கமாக இருந்து வருகின்றன. எவரும் தீய எண்ணத்தால் இவ்வாறு செய்வதில்லை. தம் குடும்பம் பிழைக்க வேண்டுமே என்ற அச்சமே காரணம். ஆயினும் இச்செயல், திறந்து கிடக்கும் வாசலை விட்டுவிட்டுச் சுவருக்குக் காவல் நிற்பதை ஒக்கும் என்பதே நம் கருத்து.

இந்நோயின் கிருமியை ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1882-ஆம் ஆண்டில் கண்டறிந்து அறிவித்தார். நுரையீரலில் நோய் கண்டவர் இருமும்போதும் தும்மும்போதும் கிருமிகள் காற்றில் கலக்கின்றன. காற்றோட்டமில்லாத அறையில் அவை நெடுநேரம் மிதந்து நிற்கும். அக்காற்றை நாள்தோறும் சுவாசிப்போருக்கே தொற்று ஏற்படும் வாய்ப்பு மிகுதி. நூலாலும், துணியாலும், உணவுத் தட்டாலும், குவளையாலும், தொடுவதாலும் அது தொற்றுவதில்லை. தொற்றியவர் யாவரும் நோயாளி ஆவதுமில்லை. ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கே வாழ்நாளில் நோயாக வெளிப்படுகிறது. மாடு வளர்க்கும் உழவர்கள் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். நோயுற்ற பசுவின் பாலைக் காய்ச்சாது பருகினால் ஒருவகைக் காசநோய் வரக்கூடும். பாலைக் காய்ச்சினால் அவ்வழி அடைபடும்.

நோயாளியை வீட்டில் வைத்திருக்கலாமா என்று கேட்போருக்குச் சென்னை நகரமே விடை கூறியிருக்கிறது. 1956-ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய ஆராய்ச்சியில், ஏழை நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும், மற்றொரு பகுதியினருக்கு நல்லுணவும் ஓய்வும் கொடுத்துச் சானடோரியத்திலும், ஒரே மருந்துகளால் ஓராண்டு சிகிச்சை அளித்தனர். நெருக்கமான வீடுகளில் எளிய உணவுண்டு வாழ்ந்தோரும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். அவர்களுடன் வசித்த குடும்பத்தாரை ஐந்தாண்டுகள் கவனித்ததில், அவர்களுக்குக் கூடுதலான ஆபத்து நேரவில்லை என்பதும் தெளிவாயிற்று. இம்முடிவுகளுக்குப் பிறகே உலகெங்கும் வீட்டுச் சிகிச்சை வேரூன்றியது. முறையாக மருந்துண்பவரிடமிருந்து நோய் பரவும் ஆபத்துச் சில வாரங்களிலேயே பெரிதும் குறைந்துவிடுகிறது.

அப்படியானால் நாம் அஞ்ச வேண்டியவர் யார்? மருந்துண்ணும் நோயாளியல்லர், இன்னும் பரிசோதனைக்குச் செல்லாத நோயாளியே. அவர் ஏன் செல்லவில்லை? செய்தி வெளிப்பட்டால் நூல் நின்றுவிடும், கூலி நின்றுவிடும், மகளின் திருமணம் தடைப்படும் என்று அஞ்சி இருமலை மறைக்கிறார். பாவு இழைகள் காய்ந்து அறாதிருக்கச் சன்னலை அடைத்த தறிக்கூடத்தில், மனைவி மக்களை அருகில் வைத்துக்கொண்டு நெய்கிறார். ஆகவே, நோய் பரவாதிருக்கும் பொருட்டு நூலை நிறுத்தும் சங்கம், தான் அறியாமலே நோய் பரவுவதற்குத் துணை நிற்கிறது.

நம் நிர்வாகக் குழுக்கள் செய்யத்தக்கவை சில உண்டு. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, சளியில் இரத்தம் இவற்றுள் எது கண்டாலும், அங்கத்தினரை அரசு மருத்துவமனைக்குச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்கென மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் வழங்கி வருகிறது. அதற்கு விண்ணப்பிக்கச் சங்கம் உதவலாம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து உண்ண வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காததாக மாறிவிடக்கூடும். அந்த ஆறு மாதமும் கடன் தவணைக்கு அவகாசமும், உடல் தேறியவுடன் வழக்கம்போல் நூலும் உண்டு என்று தீர்மானம் இயற்றி, அதனைப் பொதுக் கூட்டத்தில் படித்தல் நன்று. தறிக்கூடத்தின் சன்னல்களைத் திறந்து வைக்கும்படியும் வற்புறுத்தல் வேண்டும்.

தனியொருவரால் தாங்கவியலாத சுமையைப் பலர் சேர்ந்து தாங்குவதற்கே கூட்டுறவு தோன்றியது. நோயும் அத்தகைய ஒரு சுமையே. நோயுற்ற அங்கத்தினர் தம் நோயை அஞ்சாது கூறத்தக்க முதல் இடமாக நம் சங்கங்கள் விளங்குக.