கம்பியை மறைக்கலாம், வழியை மறைக்கலாமா?

பந்தயப் பாணிச் சாலை மிதிவண்டிகளில் பிரேக் கம்பியும் கியர்க் கம்பியும் இப்போது வெளியே தெரிவதில்லை. கைப்பிடிக்குள் நுழையும் கம்பி ஹேண்டில்பாரின் கழுத்து வழியாக இறங்கி, சட்டகத்தின் குழாய்களுக்குள் ஓடி, பின்சக்கரத்தருகே தலைகாட்டுகிறது. விடியற்காலையில் ஆனையூரைக் கடந்து அலங்காநல்லூர் நோக்கிச் செல்லும் இளைஞர்களிடம் இத்தகைய வண்டிகளைக் காண்கிறேன். அவற்றின் அழகை நான் மறுக்கவில்லை. அந்த அழகுக்கு விலை கொடுப்பவர் யார் என்பதே என் கேள்வி.

நம் பாட்டனார் ஓட்டிய கறுப்பு வண்டிகளில் கம்பியே கிடையாது. இரும்புத் தண்டுகள்தாம் பிரேக் கட்டையை இழுத்தன. உறைக்குள் சறுக்கியோடும் எஃகுக் கம்பிக்கு எர்னஸ்ட் பவுடன் என்பவர் பிரிட்டனில் 1896-இல் காப்புரிமை பெற்றார். வளைந்த வழியிலும் விசையைக் கடத்த அதனால் முடிந்தது. தண்டானாலும் கம்பியானாலும், எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. அறுந்த இடத்தைத் தெருமுனைப் பழுதுபார்ப்பவர் ஒரு பார்வையில் கண்டுகொண்டார்.

கம்பியை மறைப்பதற்குச் சொல்லப்படும் முதற்காரணம் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப ஏறுவது. மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் பந்தய வீரருக்கு ஒவ்வொரு நொடியும் பொருட்படுத்தத்தக்கது. 20 கிலோமீட்டர் வேகத்தில் கல்லூரிக்கோ வேலைக்கோ செல்பவருக்குக் கிடைக்கும் ஆதாயம் மிகச் சொற்பம்.

இழப்போ சொற்பமன்று. பிரேக் உறை பொதுவாக 5 மி.மீ. தடிமனுள்ள எஃகுச் சுருள். கியர் உறை 4 மி.மீ. தடிமனில் நீளவாக்கில் அடுக்கிய இழைகள். இரண்டையும் மாற்றிப் போட்டால், பிரேக்கை அழுத்தும்போது கியர் உறை பிளந்துவிடலாம். இதனை அறிந்த கைகளும் குழாயின் இருட்டில் தடுமாறுகின்றன. உறையைக் குறுக வெட்டினால் ஹேண்டில்பார் திரும்பும்போது கம்பி இழுபடும். கூர்மையாக வளைத்தால் உராய்வு கூடும். கழுத்து வழியாகக் கம்பி இறங்கும் வண்டியில் ஒரு பேரிங்கை மாற்றுவதற்கே பலவற்றில் கம்பிகளைக் கழற்ற வேண்டும். எண்ணெய் பிரேக்காயின் அதன் குழலையும் அவிழ்த்து, காற்றுக் குமிழ்களை வெளியேற்ற வேண்டிவரும். சிறுவேலை அரைநாள் வேலையாகிறது. நம் புழுதியிலும் வியர்வையின் உப்பிலும் உள்ளே துருப்பிடிப்பதும் கண்ணில் படுவதில்லை.

தொழிலறிந்தவர்கள் இதற்கொரு வழி வைத்திருக்கிறார்கள். பழைய கம்பியை உருவுமுன் அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் குழலொன்றைச் செலுத்திவிடுவார்கள். கம்பியை உருவிய பின்னும் குழல் உள்ளே நிற்கும். புதிய கம்பி அதன் வழியே தானே சென்று மறுமுனையில் வெளிப்படும். வேலை முடிந்ததும் குழலை எடுத்துவிடலாம். அக்குழலின்றி முதலில் கம்பியை உருவிவிட்டவர் நூலும் காந்தமும் கொண்டு இருட்டைத் துழாவ வேண்டியதுதான்.

தமிழ் படித்தவனுக்கு இங்கே உள்ளுறை நினைவுக்கு வருவது இயல்பு. தொல்காப்பியம் சொல்லும் உள்ளுறையும் மறைப்பதுதான். ஆயினும் கருப்பொருள்களைப் பற்றிக்கொண்டு சென்றால் மறைந்த பொருளை அடையலாம். வழி மங்கிய இடங்களில் உரையாசிரியர்கள் துணைக்கு வந்தார்கள். மறைத்தல் குற்றமன்று, திரும்பிச் செல்லும் வழியை விட்டுவைக்காமல் மறைத்தலே குற்றம்.

மிதிவண்டியை வெறும் விளையாட்டுப் பொருளாக நாம் கருத முடியாது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். எவரையும் எதிர்பாராமல் புறப்படலாம் என்பதே அவர்கள் அடைந்த விடுதலை. வழியில் நின்றுபோன வண்டியை அருகிலுள்ள ஒருவரால் சரிசெய்ய இயலாதென்றால் அந்த விடுதலையில் பாதி போய்விடுகிறது. கம்பியில்லா மின்னணுக் கியர்கள் சந்தைக்கு வந்துவிட்டன. ஆனால் அவை மின்கலத்தையும் அந்தந்த நிறுவனத்தின் உதிரிப் பாகத்தையும் நம்பியிருப்பவை. தெருமுனைக் கடைக்கு இன்னும் தொலைவிலிருப்பவை.

பந்தயத்திற்குச் செல்பவர் மறைத்துக்கொள்ளட்டும். அன்றாடம் ஓட்டுபவர் வெளிக்கம்பி வண்டியையே கேட்டு வாங்குவது நல்லது. உட்கம்பி வண்டியைப் பூட்டித் தரும் கடைக்காரர், கம்பி செல்லும் பாதையை ஒரு தாளில் வரைந்து கையில் கொடுக்கட்டும். அடுத்துப் பழுதுபார்க்கப்போகும் முகந்தெரியாத மனிதரை நினைத்துக்கொண்டு பூட்டுவதும் அந்தத் தொழிலின் அறம்தான்.