ஓய்வூதியம் எந்தக் கணக்குக்கு?

நமது சங்க இதழில் மொழியைப் பற்றியும் விழாக்களைப் பற்றியும் நல்ல கட்டுரைகள் வருகின்றன. நான் எழுத வந்திருப்பதோ பாஸ்புக்கைப் பற்றி. சொந்த மண்ணை விட்டு வெளியூரில் பிழைத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒருநாள் வரப்போகிற விஷயம் என்பதால் ஆசிரியர் இடம் தருவார் என்று நம்புகிறேன்.

என் ஊர் இடுக்கி மாவட்டத்து வட்டவடை. மூணாறிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர். டாப் ஸ்டேஷன் தாண்டி, பாம்பாடும் சோலைக் காட்டுக்குள் புகுந்து வெளியே வந்தால் கேரட்டும் பூண்டும் விளையும் படிக்கட்டு வயல்கள். வீட்டில் பேசுவது தமிழ்; அலுவலகம் போனால் மலையாளம். ரயில் இல்லாத ஊர்க்காரன் ரயில்வேயில் எப்படிச் சேர்ந்தாய் என்று கேட்பவர்களிடம், மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1908 முதல் ஒரு சிறிய ரயில் ஓடியது, 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போயிற்று என்று சொல்வது என் வழக்கம். நான் டிப்ளமோ முடித்து, தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நடந்து, 2018ல் ஓய்வு பெற்றேன்.

ஓய்வுக்குச் சில மாதங்கள் முன்பே படிவங்கள் தந்தார்கள். அவற்றில் பென்ஷன் பெற விரும்பும் வங்கி, கிளை, கணக்கு எண் என்று ஒரு கட்டம் இருந்தது. ‘விரும்பும்’ என்ற சொல்லை நான் அப்படியே நம்பினேன். மூணாறில் ஒரு வங்கியில் நானும் மனைவியும் சேர்ந்து கணக்குத் தொடங்கி, அந்த எண்ணை எழுதி, கேன்சல் செய்த காசோலையையும் இணைத்துக் கொடுத்தேன். வேலை பார்த்த ஊரில் எனக்கு வீடு இல்லை, உறவு இல்லை. மூணாறு என்றால் காலை பஸ்ஸில் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். மைத்துனரும் அங்கேயே இருக்கிறார். அவசரத்துக்குத் துணையாக வருவார்.

மத்திய அரசுப் பென்ஷன் மாதத்தின் கடைசி நான்கு வேலை நாட்களுக்குள் கணக்கில் ஏற வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரலில் தருவார்கள். முதல் மாதம் முடிந்தது; மூணாறுக் கணக்கில் ஒன்றும் இல்லை. விசாரித்தால், பணம் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், என் பழைய சம்பளக் கணக்கில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது! சம்பளப் பதிவேட்டில் கிடந்த எண்ணையே யாரோ பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணையிலும் ஏற்றிவிட்டிருந்தார்கள். என் படிவமும் காசோலையும் ஃபைலில் பத்திரமாக இருந்தன.

இந்தக் காலத்தில் செல்போனிலேயே பணத்தை மாற்றிக்கொள்ளலாமே என்று என் மகன் கேட்டான். பணத்தை மாற்றிக்கொள்ளலாம், கணக்கை மாற்ற முடியாது. ஆயுள் சான்று, அகவிலைப்படி நிலுவை, வருமான வரிக் கணக்கு, எனக்குப் பின்னால் குடும்ப ஓய்வூதியம் எல்லாம் அந்த ஒரு கணக்கோடு கட்டிப்போடப்பட்டவை. அதுவோ என் ஒற்றைப் பெயரில் இருந்த கணக்கு. மனைவி அந்த வங்கிக் கிளையின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை.

அலுவலகத்தில் கேட்டேன். ஆணை போய்விட்டது, இனி வங்கியைக் கேளுங்கள் என்றார்கள். வங்கியில் கேட்டேன். ஆணையில் உள்ள எண்ணுக்குத்தான் போட முடியும், அலுவலகத்தைக் கேளுங்கள் என்றார்கள். பென்ஷன் கணக்கிடும் மையம் வேறொரு நகரத்தில் இருந்தது. அங்கே முகம் கிடையாது, தொலைபேசி எண் மட்டும். ஆறு மாதம், ஐந்து பயணம். கவுண்டரில் இருந்த பெண் பிள்ளை என் நிலைமைக்கு மனம் வருந்தி, தன் செலவில் இரண்டு முறை தபால் அனுப்பினாள். ஆட்கள் மீது எனக்குக் குறை இல்லை.

அப்புறம் வந்தது இனிஷியல் தகராறு. தமிழர்களுக்கே உரிய தொல்லை இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். என் சர்வீஸ் புத்தகத்தில் அந்த ஓர் எழுத்துதான். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக முன்னால் வந்தது. ஆதாரில் அதுவே பின்னால் போய் நின்றது. கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர். அதில் ஒருவருக்குப் பென்ஷன் அனுமதி உண்டு, இன்னொருவருக்குக் கணக்கு உண்டு. மனைவியின் பெயர் வள்ளியம்மாள். எங்கோ ஒரு படிவத்தில் கடைசி ‘ள்’ஐ விட்டு வள்ளியம்மா என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு மெய்யெழுத்துக்காக நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்க வேண்டியிருந்தது. இலக்கணம் படித்தவர்கள் மகிழ்ச்சி அடையலாம்!

நான் தண்டவாளக்காரன்; எனக்கு இது வேறு மாதிரித் தோன்றுகிறது. ஒரு ஸ்டேஷனில் பாயிண்ட் சரியான லைனுக்குத் திரும்பி, பூட்டப்படாத வரை கைகாட்டி இறங்காது. இறக்க நினைத்தாலும் நெம்புகோல் அசையாது. மனிதன் தவறு செய்வான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு அது. பென்ஷன் அனுப்புவதில் இந்தப் பூட்டு இல்லை. ஆணை வெளியாகும் முன்பு, “இதுதான் உங்கள் கணக்கு எண், சரிதானா?” என்று ஒரு தாளைக் காட்டி என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் ஆறு மாதம் மிச்சம். பெண்ணுக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்தால்கூட அச்சுக்குப் போகும் முன் நம்மிடம் ப்ரூஃப் காட்டுகிறார்கள்.

விதிகள் இல்லாமல் இல்லை. வங்கியால் பென்ஷன் தாமதமானால் ஆண்டுக்கு 8 சதவீத வட்டியைக் கேட்காமலே கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. என் விஷயத்தில் தாமதமே இல்லையாம். ஏதோ ஒரு கணக்கில் உரிய நாளில் பணம் ஏறிவிட்டதாம். அதே போல, பென்ஷன் கணக்கை ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கும், ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கும் மாற்றிக்கொள்ள உரிமை உண்டு. ஒரே ஊருக்குள் வங்கி மாற்றுவது மட்டும் ஆண்டுக்கு ஒருமுறைதான். மாற்றும்போது காகிதங்கள் வந்து சேரும் வரை, பி.பி.ஓ. நகலை வைத்தே புதிய கிளை மூன்று மாதம் பென்ஷன் தரலாம். இந்தக் கடைசி விதியை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே தேடிப் பிடித்தபோது என் வேலை முடிந்திருந்தது.

இவ்வளவு அலைச்சல் எதற்கு, பழைய கணக்கே இருக்கட்டுமே என்று நண்பர்கள் சொன்னார்கள். என் பதில் ஒன்றுதான்: பென்ஷன் எனக்கு மட்டும் உரியது அல்ல. நான் கண்ணை மூடினால் அடுத்த மாதம் முதல் என் மனைவி அதை நம்பித்தான் அடுப்பு மூட்ட வேண்டும். கூட்டுக் கணக்காக இருந்து, பி.பி.ஓ.வில் அவள் பெயரும் இருந்தால், இறப்புச் சான்றும் ஒரு சாதாரண விண்ணப்பமும் கொடுத்து அதே கணக்கில் குடும்ப ஓய்வூதியம் பெறலாம். புதுக் கணக்கு தொடங்கு என்று வங்கி வற்புறுத்தக் கூடாது. கூட்டுக் கணக்கு விரும்பத்தக்கதே, ஆனால் கட்டாயம் அல்ல என்று மத்திய அமைச்சர் ஜிதேந்திர சிங் 2021 நவம்பரில் தெளிவுபடுத்தினார். கட்டாயம் இல்லைதான். ஆனால், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு பெண், கணவனை இழந்த பதினைந்தாம் நாளில், பார்த்திராத ஊருக்குப் போய், மலையாளமும் இந்தியும் ஆங்கிலமும் அச்சிட்ட படிவத்தின் முன் நிற்பதை நினைத்துப் பாருங்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 தமிழருக்கும் கன்னடருக்கும் மாநில அரசோடு தம் மொழியில் எழுதிக்கொள்ள இடம் தருகிறது. வங்கி கவுண்டருக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. மூணாறுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைப்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுத் தேனிக்கோ சங்கரன்கோவிலுக்கோ போய்விடுவார்கள். வருங்கால வைப்பு நிதியின் பென்ஷன், 1995ல் வந்த திட்டப்படி, அவர்களுக்கு உண்டு. 2014ல் அதன் குறைந்தபட்சத் தொகையை ஆயிரம் ரூபாயாக நிர்ணயித்தார்கள். ஆனால் வைப்பு நிதியின் ஒவ்வொரு வட்டார அலுவலகமும் மூன்று நான்கு வங்கிகளோடு மட்டுமே ஒப்பந்தம் வைத்திருந்தது. ஊர் மாறினால் பி.பி.ஓ.வை ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். எனக்குப் பெரியம்மா முறையுள்ள ஒருவர் அந்தச் சிரமத்துக்குப் பயந்து, போடியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை மலையேறி வந்து பணம் எடுத்துப் போனார். பஸ் கட்டணமும் சாப்பாடும் போக மிஞ்சியது எவ்வளவு என்று அவர் சொன்னதே இல்லை.

2025 ஜனவரி முதல் அந்த நிலை மாறியது. மத்திய ஓய்வூதியப் பட்டுவாடா முறை என்ற ஏற்பாட்டில், 68 லட்சத்துக்கும் மேற்பட்ட பென்ஷன்தாரர்கள் நாட்டின் எந்த வங்கியின் எந்தக் கிளையிலும் பணம் பெறலாம். ஊர் மாறினாலும் வங்கி மாறினாலும் பி.பி.ஓ. பயணம் போக வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் கர்னால், ஜம்மு, ஸ்ரீநகர் அலுவலகங்களில் சோதித்துப் பார்த்துவிட்டு நாடெங்கும் கொண்டுவந்தார்கள். பெரியம்மாவின் பென்ஷன் இப்போது போடியிலேயே ஏறுகிறது. ஆயிரத்துச் சொச்சம் வாங்குகிற தோட்டத் தொழிலாளிக்குச் செய்ய முடிந்த காரியத்தை, சர்வீஸ் புத்தகமும் ஃபைலும் வைத்திருக்கிற எங்களுக்குச் செய்ய என்ன தடை? வங்கிகள் சொல்லும் காரணம் ஒன்றை நான் ஏற்கிறேன்: இறந்தவர் கணக்கில் தொடர்ந்து பணம் ஏறினால் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு அவர்களுக்கு இருக்கிறது, அதனால்தான் உறுதிமொழி எழுதி வாங்குகிறார்கள். ஆனால் அந்தக் கவலைக்கும், நான் கேட்ட கணக்கை விட்டு வேறு கணக்கில் போடுவதற்கும் என்ன சம்பந்தம் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆகவே சங்கம் ஒரு மனு எழுத வேண்டும் என்பது என் கருத்து. ஆணை வெளியாகும் முன் கணக்கு எண்ணை ஓய்வு பெறுபவருக்குக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். இனிஷியல் முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும், பிறந்த தேதியும் ஆதாரும் ஒத்திருந்தால் ஒரே ஆள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழர் அடர்ந்து வாழும் தேவிகுளம், சித்தூர் போன்ற இடங்களில் குடும்ப ஓய்வூதியப் படிவமாவது தமிழில் கிடைக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

அதுவரை நாமாகச் செய்யக்கூடியதும் உண்டு. இன்னும் வேலையில் இருப்பவர்கள், ஓய்வுக்கு ஓராண்டு முன்பே சர்வீஸ் புத்தகம், ஆதார், பான், பாஸ்புக் நான்கையும் மேசையில் வரிசையாக வைத்து, உங்கள் பெயரையும் மனைவி பெயரையும் எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். வங்கிகள் இணைந்தபோது ஐ.எஃப்.எஸ்.சி. எண்கள் மாறியிருக்கின்றன, பழைய காசோலையை நம்பாதீர்கள். பி.பி.ஓ. கைக்கு வந்த அன்றே கணக்கு எண்ணைப் படித்துப் பாருங்கள். நான் அதை ஒரு மாதம் கழித்துத்தான் பிரித்துப் படித்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

ஒவ்வொரு நவம்பரிலும் ஆயுள் சான்றுக்கு மூணாறு போகும்போது மனைவியையும் அழைத்துப் போகிறேன். பணம் எடுக்கும் சீட்டை அவள்தான் எழுதுகிறாள், கையெழுத்தைத் தமிழில் போடுகிறாள். கணக்கு மாற்றம் கோரும் கடிதத்தையும், குடும்ப ஓய்வூதிய விண்ணப்பத்தையும் தமிழ் விளக்கத்தோடு எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுவோர் சங்கத்துக்குத் தெரிவித்தால் நகல் அனுப்பி வைக்கிறேன்.