ஆமைக்குப் பூச்சி மருந்து

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பது நம்மவர் பழமொழி. இங்கிலாந்தில் கதையே வேறு. மத்தியதரைக் கடலோர நாடுகளிலிருந்து வந்த ஆமைகளை அங்கே தோட்டந்தோறும் செல்லமாய் வளர்த்து வந்தார்கள். 1984-ஆம் ஆண்டில் அவற்றின் இறக்குமதி நின்றுவிட்டது. எனினும் ஆமையின் ஆயுள் நீண்டதாகையால், தாத்தா வாங்கிய ஆமைக்குப் பேரன் இலை பறித்துப் போடும் வீடுகள் அங்கே உண்டு.

அத்தேசத்தில் குடியேறியிருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து அண்மையில் கடிதம் வந்தது. அவருடைய சிறு பெண் வளர்த்த ஆமையின் மலத்தில் வெண்ணிறப் பூச்சிகள் நெளிந்தனவாம். அண்டை வீட்டார் குதிரைக்கென வாங்கி வைத்திருந்த பூச்சி மருந்தில் பயறளவு எடுத்து, நல்லெண்ணத்தோடு புகட்டியிருக்கிறார்கள். மறுநாள் அதன் கால்கள் துவண்டன. கழுத்தை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளவும் சக்தியில்லை. மூன்றாம் நாள் மாண்டு போயிற்று. "பூச்சி கொன்றதா, மருந்து கொன்றதா?" என்று குழந்தை ஓயாமல் கேட்கிறாளாம்.

மருந்தின் பெயரைப் படித்ததுமே எனக்கு விடை தெரிந்துவிட்டது. அது ஐவர்மெக்டின். மனிதகுலத்திற்கு அது ஒரு வரப்பிரசாதம். அதைக் கண்டவர்களுக்கு 2015-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. ஆமைக்கோ அதுவே நஞ்சு. நரம்புகளைத் தாக்கித் தசைகளை முடக்கி மூச்சையும் நிறுத்திவிடும். ஒரு பிராணிக்கு அமுதமானது மற்றொன்றுக்கு ஆலகாலமாகலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆமையின் குடலில் கீரிப்பூச்சி இனமும் நாக்குப்பூச்சி இனமும் வாழ்வது சாதாரணம். காட்டு ஆமைகளிலும் அவை உண்டு. சிறு தொகையாயிருக்கும்வரை பெரும் கேடில்லை. காட்டில் ஆமை நாள்தோறும் இடம் பெயர்ந்து மேய்கிறது. வீட்டிலோ மலங்கழித்த நான்கடி நிலத்திலேயே இரையும் தின்கிறது. மலத்தோடு வெளிப்பட்ட முட்டைகள் இலையோடு ஒட்டி மறுபடியும் வயிற்றுக்குள் செல்லுகின்றன. இவ்வாறு பூச்சி பெருகிப் பெருகி, ஆமை இரை வெறுத்து மெலிந்து போகிறது. ஆகவே நோயின் வேர் ஆமையின் வயிற்றில் மட்டுமன்று. நாம் அதற்கு அமைத்த கூண்டிலும் இருக்கிறது.

எனவே முதல் மருந்து துடைப்பமே. மலத்தை அன்றன்றே அகற்றுக. இலையை மண்ணில் போடாமல் ஓட்டின்மீதோ கற்பலகையின்மீதோ வைத்துக் கொடுக்க வேண்டும். நார்ச்சத்துள்ள காட்டு இலைகளே மத்தியதரை ஆமைக்கு ஏற்ற உணவு. இனிப்பான பழங்கள் குடலைக் கெடுத்து நுண்கிருமிகளை வளர்க்கும். வெதுவெதுப்பான நீரில், தாடை மூழ்காத ஆழத்தில், கால் மணி நேரம் நிறுத்தினால் ஆமை நீரருந்தும். பெரும்பாலும் மலமும் கழிக்கும். அந்நீரை உடனே கொட்டித் தொட்டியைக் கழுவுக. சமையலறைத் தொட்டியை இதற்குப் பயன்படுத்தலாகாது. புதிதாக வந்த ஆமையைச் சில மாதங்களேனும் தனியே வைக்க வேண்டும். கழுத்து மடிப்பிலும் தொடையிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பதும், கோடையில் வாற்புறத்தில் ஈ மொய்த்துப் புழு வைக்காமல் காப்பதும் அவசியம்.

இவ்வளவும் செய்தும் ஐயமிருந்தால், புதிய மலத்தை ஒரு மூடிய பெட்டியிலிட்டு மிருக வைத்தியரிடம் கொண்டு செல்க. குளிர்கால உறக்கத்துக்குப் பல வாரங்கள் முன்பே இதைச் செய்வது நலம். அவர் பூதக்கண்ணாடியில் முட்டைகளைக் கண்டு, ஆமையை நிறுத்து, அளவறிந்து மருந்து தருவார். வழக்கமாய்த் தரும் பென்பெண்டசோலும்கூட மிகுந்தால் இரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைப்பதுண்டு.

ஆமை ஆரோக்கியமாய்த் தோன்றினும் அதனிடம் சால்மொனெல்லாக் கிருமி இருக்கக்கூடும். குழந்தைகள் அதனால் நோயுற்றபடியால்தான் அமெரிக்காவில், ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை 1975-ஆம் ஆண்டில் தடுத்தார்கள். தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் எவரும் உணவில் கை வைக்கலாகாது.

நம் நாட்டு வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. நட்சத்திர ஆமை நம் மண்ணின் செல்வம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி அதை வீட்டில் வளர்ப்பது குற்றம்; ஆமை புகுந்த வீட்டில் அமீனாவும் புகுவார் என்று பழமொழியைத் திருத்திக்கொள்ளலாம்! 2019-ஆம் ஆண்டில் நம் அரசாங்கமும் அண்டை நாடுகளும் முயன்று, சர்வதேச ஒப்பந்தத்தின் மூலம் அதன் அந்நிய வியாபாரத்தையும் தடுத்தன. எவர் வீட்டிலேனும் அவ்வாமை இருந்தால் வன இலாகாவிடம் ஒப்படைப்பதே முறை. பரிதாபப்பட்டு அருகிலுள்ள புதரில் விட்டுவிட்டால், வீட்டில் பற்றிய நோயும் அதனோடு காட்டுக்குப் போகும்.

அந்தக் குழந்தைக்கு நான் எழுதிய பதில் இதுதான்: "அம்மா, பூச்சியும் கொல்லவில்லை, உன் அன்பும் கொல்லவில்லை, அவசரம் கொன்றது. அடுத்த முறை மருந்தை எடுக்குமுன் கேள். அதற்கும் முன் கூண்டைப் பெருக்கு."