மேட்டுநிலத்துக்கும் நெல்தானா?

உலர் வலயத்தில் ஒரு காணி பயிருக்கு ஏற்றதா என்று மட்டும் கேட்டால் அது அரைக் கேள்வி. எந்தப் பயிருக்கு, எந்தப் போகத்தில், எந்தத் தண்ணீரை நம்பி என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 1976இல் வெளியிட்ட நில மதிப்பீட்டு நெறிமுறையின் அடிப்படையும் இதுதான்: நிலத்துக்குப் பொதுவான தரம் என்று ஒன்றில்லை, பயன்பாட்டுக்குப் பயன்பாடு பொருத்தம் மாறும். மழையையும் மண்ணையும் நில அமைப்பையும் பார்த்து இலங்கையை 46 விவசாயச் சூழலியல் பிரதேசங்களாகப் பிரித்த வரைபடம் 2003இலேயே வந்துவிட்டது. இருந்தும், வாய்க்கால் போன இடமெல்லாம் நெல்லுக்கான இடம் என்ற எண்ணம் நம்மை விடவில்லை.

உலர் வலயத்துச் சரிவுகளில் மேலே இருப்பது தண்ணீர் விரைவாக இறங்கிவிடும் செங்கபில மண். தாழ்வில் இருப்பது நீர் வடியாத மண். பழைய கிராமங்கள் குளத்துக்குக் கீழே தாழ்வில் வயலையும் மேட்டில் சேனையையும் வைத்ததற்குக் காரணம் இந்த வேறுபாடுதான். உடவளவைத் திட்டத்திலும் மேட்டுநிலங்களுக்கு வேறு பயிர்களே எண்ணப்பட்டிருந்தன. குடியேறியவர்களோ அங்கும் நெல்லே விதைத்தார்கள். மேட்டு மண் நீரைக் குடித்துத் தீர்த்தது, வாய்க்காலின் கடைமடைக்குப் போதவில்லை. பின்னாளில் அதே மேட்டில் வாழை நன்றாக வந்தது. யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் செம்பாட்டு மண்ணைப் போல ஏற்ற மண் அரிது. ஆனால் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கில்லை. சுண்ணாம்புக் கல்லில் தங்கும் மாரி மழைதான் கிணற்று நீர். அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு ஏறுகிறது, அளவுக்கு மீறி உரமிட்டால் நைத்திரேற்று குடிநீரில் கலக்கிறது. மண்ணை மட்டும் பார்த்துத் தரம் போடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தன் மண்ணைக் கமக்காரருக்குத் தெரியாதா என்பார்கள். நன்றாகவே தெரியும். ஆனால் குளத்தில் எஞ்சிய நீரை எத்தனை பேர் பங்கிடுகிறார்கள், பக்கத்துக் கிணறுகள் எவ்வளவு இறைக்கின்றன என்பதெல்லாம் ஒருவரின் வரப்பிலிருந்து தெரியாது. அதை அளந்து சொல்வது அரசின் வேலை. நெல்லுக்கு உத்தரவாத விலை இருக்கிறது, உழுந்துக்கும் கச்சானுக்கும் யார் பொறுப்பு என்ற கேள்விதான் இதைவிடக் கனமானது, நியாயமானது. பொருத்தமான பயிரை வைத்தவர் விலையில் தோற்றால் எந்த வரைபடமும் அவருக்கு உதவாது. வெங்காயம் சந்தைக்கு வரும் வேளையில் இறக்குமதி வரியைக் குறைத்துவிட்டு, பயிரை மாற்று என்று கமக்காரரிடம் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அந்த வரி விதைப்புக்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும். சிறுபோகக் கூட்டத்தில் இத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கும்போதே, எந்த மேட்டில் நெல்லைத் தவிர்ப்பது என்பதும் தீர்மானமாக வேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்துகொண்டு வன்னிக் காணியைக் குத்தகைக்கு விடுபவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு போகத்துக்கு மட்டும் காணியைப் பெற்றவர் மண்ணுக்கேற்ற பயிரை யோசிக்க மாட்டார், கைக்கு உடனே காசு தருவதைத்தான் விதைப்பார். பல ஆண்டுக் குத்தகை கொடுங்கள், கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதித்த பிறகு கொடுங்கள்.