கொரியாவில் மூடப்படும் பள்ளிகள் நம் தமிழ்ப்பள்ளிகளுக்குச் சொல்லும் சேதி

தென்கொரியா என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது பாட்டும் நாடகமும்தான். 2023 மார்ச் 4-ஆம் தேதி புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் பிளாக்பிங்க் குழு பாடியபோது திரண்ட கூட்டம் அதற்குச் சாட்சி. நாடகத்தில் கொரியப் பிள்ளை தன் தகப்பனை 'அப்பா' என்று கூப்பிடுவதைக் கேட்டு, அந்த மொழியும் நம் மொழியும் உறவா என்று குடும்பக் குழுக்களில் விவாதிப்பவர்களும் நம்மிடையே உண்டு.

ஆனால் இந்தச் சமுதாயம் கொரியாவைப் பற்றிப் பேச வேண்டிய விஷயம் வேறொன்று. அங்கே வகுப்பறைகள் காலியாகிக்கொண்டிருக்கின்றன. 1982 முதல் இதுவரை ஏறக்குறைய 4,000 பள்ளிகள் மூடப்பட்டுவிட்டன. பெரும்பாலானவை கிராமத்துப் பள்ளிகள். நாட்டின் தென்கோடியில் உள்ள காங்ஜின் வட்டாரத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில், 2019-இல் முதலாம் ஆண்டில் சேர ஒரு பிள்ளைகூட இல்லை. பள்ளியைக் காப்பாற்ற, சிறுவயதில் படிக்க வாய்ப்பில்லாமல் போன ஊர்ப் பாட்டிமாரை அழைத்து முதலாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள்.

எண்ணிக்கை குறைந்த தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தச் செய்தி அந்நியமாக இருக்காது.

200 பேருக்கு 26 பேரப்பிள்ளைகள்

ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கருவள விகிதம் என்பார்கள். மக்கள்தொகை குறையாமல் நிற்க அது 2.1 இருக்க வேண்டும். கொரியாவில் 2023-இல் அது 0.72. உலகிலேயே மிகக் குறைந்த விகிதங்களில் ஒன்று.

இதை இப்படிப் பாருங்கள். 100 ஆண்கள், 100 பெண்கள். இந்த விகிதம் நீடித்தால் அவர்களுக்குப் பிறப்பது 72 பிள்ளைகள். அந்த 72 பேரில் பாதி பெண்கள் என்றால், அடுத்த தலைமுறையில் பிறப்பது 26 பேர். பாட்டன் பாட்டி 200 பேர், பேரப்பிள்ளைகள் 26 பேர். எழுபதுகளின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 10 லட்சம் குழந்தைகள் பிறந்த நாட்டில் 2024-இல் பிறந்தவர்கள் 2 லட்சத்து 38 ஆயிரம் பேர் மட்டுமே.

இந்த நிலை ஒரே நாளில் வரவில்லை. 1960-இல் கொரியப் பெண்கள் சராசரியாக ஆறு பிள்ளைகள் பெற்றார்கள். வறுமையை ஒழிக்க வேண்டும் என்று அரசு குடும்பக் கட்டுப்பாட்டைத் தீவிரமாகப் பரப்பியது. 1983-இலேயே விகிதம் 2.1-க்கும் கீழே போய்விட்டது. அதன் பிறகும் பிரசாரம் சில காலம் நிற்கவில்லை. ஆண் பிள்ளை மோகம் வேறு சேர்ந்துகொண்டது. 1990-இல் 100 பெண் குழந்தைகளுக்கு 116-க்கும் மேற்பட்ட ஆண் குழந்தைகள் பிறந்தன.

பணம் கொடுத்தும் பலன் இல்லை

அரசு விழித்துக்கொண்டது 2000-க்குப் பிறகுதான். 2006 முதல் 16 ஆண்டுகளில் 280 டிரில்லியன் வோன் செலவிட்டதாக முன்னாள் அதிபர் யூன் சுக் யோல் 2022-இல் சொன்னார். ரிங்கிட் கணக்கில் ஏறக்குறைய 800 பில்லியன். புயோங் என்ற கட்டுமான நிறுவனம் தன் ஊழியர்களுக்குக் குழந்தை ஒன்றுக்கு 10 கோடி வோன் தருவதாக 2024-இல் அறிவித்தது. இவ்வளவு செய்தும் விகிதம் இறங்கிக்கொண்டே இருந்ததற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, படிப்புச் செலவு. கொரியாவில் மாணவர்களில் பத்தில் எட்டுப் பேர் பள்ளி முடிந்ததும் டியூஷனுக்குப் போகிறார்கள். 2024-இல் பெற்றோர் இதற்காகச் செலவிட்டது 29 டிரில்லியன் வோன். ஒரு பிள்ளைக்கே சம்பளத்தில் பெரும்பங்கு போனால் இரண்டாவதைப் பற்றி யார் நினைப்பார்கள்?

இரண்டாவது, வீடு. நாட்டின் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சியோல் தலைநகர் வட்டாரத்தில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். வேலை அங்கேதான் இருக்கிறது. இளம் தம்பதிக்கு அங்கே வீடு வாங்குவது எட்டாக்கனி.

மூன்றாவது, வேலை நேரம். வாரத்துக்கு 52 மணி நேரம் என்ற உச்சவரம்பை 69 வரை தளர்த்த 2023-இல் அரசு முயன்றது. இளையோர் கொதித்தெழுந்த பிறகே பின்வாங்கியது. பிள்ளை பெறுங்கள் என்று ஒரு கையால் பணம் கொடுத்துவிட்டு, இரவு வரை வேலை செய்யுங்கள் என்று மறு கையால் தள்ளியது.

நான்காவது, பெண்கள் மேல் விழும் சுமை. ஆண் பெண் சம்பள இடைவெளி வளர்ந்த நாடுகளிலேயே கொரியாவில்தான் அதிகம். பிள்ளை பிறந்ததும் வேலையை விடுபவள் தாய். வீட்டு வேலையும் மாமியார் வீட்டுக் கடமைகளும் அவள் தலையில். சோ நாம் ஜூ 2016-இல் எழுதிய 'கிம் ஜியோங், பிறந்தது 1982' என்ற நாவல் இந்த வாழ்க்கையைச் சொல்லியே பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

நம் கணக்கு என்ன?

இனி நம் பக்கம் வருவோம். 1957-இல் தீபகற்ப மலேசியாவில் 100 பேரில் ஏறக்குறைய 11 பேர் இந்தியர்கள். சபா, சரவாக்கையும் சேர்த்த 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடிமக்களில் நம் பங்கு 6.7 விழுக்காடு. நிலப்பரப்பு மாறியதைக் கழித்துப் பார்த்தாலும் இறக்கம் தெளிவாகத் தெரிகிறது. 2040-இல் நாம் 6.4 விழுக்காடாக இருப்போம் என்று புள்ளியியல் துறை முன்பு கணித்திருந்தது. அந்த எண்ணை 2020-களிலேயே நெருங்கிவிட்டோம். தோட்டத்து லயங்களில் ஐந்தாறு பிள்ளைகள் ஓடியாடிய காலம் போய், இந்தியப் பெண்களின் கருவள விகிதம் இன்று 1.5-க்கும் கீழே இருக்கிறது. கொரியாவின் ஆழத்துக்கு இன்னும் போகவில்லை, ஆனால் திசை அதுதான்.

இதன் நிழல் தமிழ்ப்பள்ளிகளில் விழுகிறது. சுதந்திரத்தின்போது 800-க்கும் மேல் இருந்த பள்ளிகள் இன்று 530-ஐ ஒட்டி நிற்கின்றன. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்த மாணவர் எண்ணிக்கை 80 ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. பாதிக்கும் மேற்பட்ட பள்ளிகளில் 150-க்கும் குறைவான மாணவர்களே படிக்கிறார்கள். இன்னொரு பக்கம், கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி நாட்டின் பெரிய தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றாக இருக்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துக்கு வந்தார்கள், பள்ளி அங்கேயே தங்கிவிட்டது. தேசியப்பள்ளிக்கும் சீனப்பள்ளிக்கும் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் இருக்கிறார்கள். இவை எல்லாம் காரணங்கள்தான். ஆனால் பிறக்காத பிள்ளையை எந்தப் பள்ளியிலும் சேர்க்க முடியாது.

மேடைப் பேச்சு போதுமா?

இந்தக் கவலை வரும்போதெல்லாம் நம் மேடைகளில் ஒரே அறிவுரைதான் கேட்கிறது: மூன்று பெறுங்கள், நான்கு பெறுங்கள். 1984-இல் பிரதமர் மகாதீர் மலேசியாவுக்கு 7 கோடி மக்கள் வேண்டும் என்றார். அப்போது நாட்டின் கருவள விகிதம் நான்கை ஒட்டி இருந்தது. இன்று இரண்டுக்கும் கீழ். பிரதமரின் பேச்சே எடுபடவில்லை என்றால், திருமண மண்டபத்துப் பேச்சு மட்டும் எடுபடுமா?

கிள்ளானிலோ பூச்சோங்கிலோ வாழும் இளம் தம்பதியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வீட்டுக் கடன், கார் கடன், டோல், குழந்தைக் காப்பகக் கட்டணம், பள்ளி முடிந்த பிறகு டிரான்சிட் கட்டணம், பிறகு டியூஷன். இருவரும் வேலைக்குப் போகாமல் முடியாது. 2023 ஜனவரி முதல் மகப்பேறு விடுப்பு 98 நாள், தகப்பனுக்கு 7 நாள் என்று சட்டம் மாறியது நல்ல செய்தி. ஆனால் கிராப் ஓட்டுபவருக்கும் சுயமாகத் தொழில் செய்பவருக்கும் அந்த விடுப்பு எட்டுவதில்லை. நம்மவர்களில் எத்தனை பேர் அப்படிப் பிழைக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்தச் சுமையைப் பார்த்து ஒரு பெண் ஒன்றோடு நிறுத்திக்கொண்டால், அவளைத் தன்னலக்காரி என்று பேச யாருக்கும் உரிமை இல்லை. பிள்ளை பெறுவது அவளும் கணவரும் எடுக்கும் முடிவு. சமுதாயத்தின் எண்ணிக்கைக் கணக்கை நேர் செய்வது அவள் கடமை அல்ல. இரண்டாவது பிள்ளையை விரும்பும் வீட்டுக்குப் பயம் இல்லாமல் செய்வது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

கொரியாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை

2024-இல் ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முறையாகக் கொரியாவின் விகிதம் 0.75-க்கு ஏறியது. அடுத்த ஆண்டும் ஏற்றம் தொடர்ந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் தள்ளிப்போன திருமணங்கள் நடந்தது இதற்கு ஒரு முக்கியக் காரணம். 2024-இல் மட்டும் திருமணங்கள் 14.8 விழுக்காடு கூடின. திருமணம் தள்ளிப்போனால் பிள்ளையும் தள்ளிப்போகும். நம் வீடுகளில் திருமணம் ஏன் தள்ளிப்போகிறது? மண்டபம், நகை, இரண்டு மூன்று விருந்து என்று கடன் வாங்கி நடத்தும் ஆடம்பரம் அதில் பெரும்பங்கு. அரசாங்கத்தைக் கேட்காமல் நாமே குறைக்கக்கூடிய செலவு இது.

இன்னொன்று, அதே 2024-இல் கொரியத் தொடக்கப்பள்ளிகளில் தொடங்கிய 'நுல்போம்' திட்டம். பெற்றோர் வேலை முடிந்து வரும் வரை, தேவைப்பட்டால் இரவு 8 மணி வரை, பள்ளியே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறது. நம் பட்டணத்துத் தமிழ்ப்பள்ளிகளில் இது நடந்தால் என்ன? பாலர்பள்ளியும் மாலை நேரக் காப்பகமும் ஒரே வளாகத்தில் இருந்தால், வேலைக்குப் போகும் தாய் தமிழ்ப்பள்ளியைத் தேர்வு செய்ய அது ஒன்றே போதுமான காரணமாகும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் பள்ளி வாரியங்களும் கல்வி இலாகாவிடம் கேட்க வேண்டிய முதல் கோரிக்கை இதுதான்.

மூன்றாவது, காத்திருக்கக் கூடாது. கொரியாவில் பல கிராமத்துப் பள்ளிகள் கடைசி மாணவர் போன பிறகு பூட்டிக் கிடக்கின்றன. நம்மிடம் ஒரு வழி இருக்கிறது. தோட்டத்துப் பள்ளியின் உரிமத்தைத் தமிழர் குடியிருக்கும் புதிய வீடமைப்புப் பகுதிக்கு மாற்றலாம். பல பள்ளிகள் அப்படி இடம் மாறி உயிர் பிழைத்திருக்கின்றன. பத்துப் பிள்ளைகள் இருக்கும்போதே அந்த முயற்சியைத் தொடங்க வேண்டும்.

கடைசியாக, முதியோர். கொரியாவில் 65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் வறுமையில் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கே எல்லாவற்றையும் செலவழித்த தலைமுறை அது. நாமும் பிள்ளைதான் பென்ஷன் என்று வாழ்ந்து பழகியவர்கள். ஒரே பிள்ளை நான்கு முதியவர்களைத் தாங்க வேண்டிய காலம் வந்துகொண்டிருக்கிறது. சொந்தத் தொழில் செய்பவர்கள் ஊழியர் சேமநிதி வாரியத்தின் ஐ-சாராஆன் திட்டத்தில் இன்றே சேருவது பிள்ளைகளுக்குச் செய்யும் உதவி. அதில் அரசின் ஊக்கத்தொகையும் உண்டு.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பரிசளிப்பு விழாவைப் பற்றிப் பேசுவதற்கு முன், ஒரு கேள்வியை வையுங்கள்: நம் பள்ளியில் மாலை 6 மணி வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்ன ஏற்பாடு செய்யலாம்?