ஹெலி வராத வட்டை

சம்மாந்துறை வட்டைக்குள் யானைக் காவலுக்குப் படுக்கும் ஒரு காக்காவிடம், இரவில் பாம்பு கடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ஆமிக்காரனுக்கு ஹெலி வரும் தம்பி. நமக்கு லேண்ட்மாஸ்டர்தான்" என்றார்.

வெறும் கசப்புப் பேச்சென்று இதைத் தள்ளிவிட முடியாது. போர்க்காலத்தில் காயப்பட்ட சிப்பாய்களை விமானப்படை ஹெலிகொப்டர்கள் ஏற்றிச் சென்றன. அதே காலத்தில் கல்முனைக் கரையோரத்தில் நோயாளியோடு இரவில் வெளிக்கிட்டவர்கள், தமிழரோ முஸ்லிமோ, சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் வைத்தியசாலையைக் கண்டார்கள்.

முகாமில் மருந்துப் போத்தல் இருக்கும், கடிபட்டவனுக்கு உடனே ஏற்றுவார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். விஷயம் அவ்வளவு லேசில்லை. இலங்கை பயன்படுத்திவரும் விஷமுறி மருந்து, இந்தியாவில் இந்தியப் பாம்புகளின் விஷத்தைக் குதிரைக்கு ஏற்றித் தயாரிக்கப்படுவது. நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குத்தான் அது. நாட்டில் அதிகம் கடிப்பவற்றுள் ஒன்றான கோப்பி விரியனுக்கு அது உதவாது. மருந்தே ஆளைச் சாய்க்கவும் கூடும். 2011 இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில், மருந்து ஏற்றப்பட்ட 1007 பேரில் 75 வீதமானோருக்கு ஒவ்வாமை ஏற்பட்டது. முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால் கடும் ஒவ்வாமை குறையும் என்று காட்டியதும் அதே ஆய்வுதான். ஆகவே சிப்பாயின் பையில் மருந்தைத் திணித்துவிட்டால் ஆயத்தம் ஆகிவிடாது.

கட்டு விரியன் இன்னும் மோசம். தரையில் நித்திரை கொள்பவரைக் கடிக்கும், பெரிதாக வலிக்காது. விடியும்போது கண்ணிமையைத் தூக்க முடியாமல் போகும், பிறகு மூச்சு நிற்கும். அந்தக் கட்டத்தில் உயிரைப் பிடித்து வைப்பது செயற்கைச் சுவாச இயந்திரம். படையினரிடம் உள்ள வசதி வானொலியும் வாகனமும், வழியில் மூச்சைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆளும்தான்.

நேபாளத்தின் ஜாப்பா மாவட்டத்தில் சாராலி இராணுவ முகாமிலேயே ஊர்ச்சனங்களுக்கான பாம்புக்கடி சிகிச்சை நிலையம் நடக்கிறது. இங்கும் அப்படிச் செய்யலாமே என்று கொழும்பில் யாராவது கேட்கக்கூடும். நள்ளிரவில் ஒரு முகாம் வாசலுக்குத் தகப்பனைத் தூக்கிக்கொண்டு போக நம் ஊரில் எத்தனை பேருக்கு மனம் வரும்? எனக்கு வராது.

அதே தென்கிழக்கு நேபாளத்தில் வேறொரு வழியையும் பார்த்தார்கள். கடிபட்டவரை ஊர் இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில், இருவருக்கு நடுவில் இருத்தி டமாக் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். விழிப்புணர்வும் சேர, கடிபட்டோரில் இறந்தவர்கள் நூற்றுக்கு 10.5 இலிருந்து 0.5 ஆகக் குறைந்தார்கள். வட்டை வரம்பில் அம்புலன்ஸ் ஏறாது, மோட்டார் சைக்கிள் ஏறும்.

அம்புலன்ஸ் நம்மிடம் இல்லாமலில்லை. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய இப்போது நாடெங்கும் ஓடுகிறது. இலக்கம் 1990. கிழக்கில் அதை யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வீரமுனையும் காத்தான்குடியும் அந்த ஆண்டில்தான். வண்டி வரும் வீதிவரை ஆளைக் கொண்டுவருவது யார், இன்றிரவு சுவாச இயந்திரக் கட்டில் எந்த வைத்தியசாலையில் காலி என்பதை விவசாய அமைப்புகளும் சுகாதாரப் பணிமனையும் பெரும்போகத்துக்கு முன்பே பேசி வைக்க வேண்டும்.

நுளம்புவலைக்குள் படுப்பதும் கட்டு விரியன் கடியைக் குறைக்கும் என்று நேபாள ஆய்வு சொல்கிறது. காக்காவிடம் வலை இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்று இருக்கிறதாம், வீட்டில் பிள்ளைகளுக்கு.