படமும் முகமும்

வரன் பார்ப்பதற்காகப் படம் எடுத்துக்கொள்ளும் பெண்ணும், அறுபதாம் கலியாணத்துக்கு உட்கார வைக்கப்படும் தாத்தாவும், ஆண்டு நிறைவுக்குத் தூக்கி வரப்படும் குழந்தையும் இன்று ஒரே ஸ்டூடியோவிலிருந்து ஒரே தோலோடு வெளியே வருகிறார்கள். மூவர் முகத்திலும் ஒரு மேடு பள்ளம் கிடையாது. மூவரும் மெழுகில் வார்த்ததுபோல் இருக்கிறார்கள். படத்தின் அடியிலே பெயர் போடாவிட்டால், தாத்தாவைத் தாத்தா என்று நரைமுடியைக் கொண்டுதான் அறிய வேண்டும். அதற்கும் சில ஸ்டூடியோக்காரர்கள் மை தடவிவிடுகிறார்கள். ‘டச்சிங்’ என்று அவர்கள் சொல்லும் இந்தக் காரியத்தைப் பற்றி நமது அபிப்பிராயத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுவது அவசியமென்று கருதுகிறோம்.

படத்தைத் திருத்துவதே பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது இந்தக் கலையின் சரித்திரத்தை அறியாதவர் பேச்சாகும். 1851-ல் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த கொல்லோடியன் கண்ணாடித் தகடு நீல ஒளியை மட்டுமே நன்றாக உணர்ந்தது. சிவப்பு அதற்குக் கறுப்பாகவே பட்டது. ஆகவே, நேரில் பார்த்தால் கண்ணுக்கே தெரியாத இளஞ்சிவப்புப் புள்ளியும் பருவும் படத்திலே கரும்புள்ளிகளாக விழுந்தன. அம்மை வார்த்தவரைப்போல் தம்மைக் காட்டிய படத்தைப் பார்த்து, நல்ல தோலுள்ளவர்கள் மனம் நொந்தார்கள். இந்த நிலைமையில்தான் மியூனிக் நகரத்து ஹான்ஃப்ஸ்டெங்கல், திருத்திய நெகடிவிலிருந்து எடுத்த படத்தையும் திருத்தாத படத்தையும் 1855-ஆம் வருஷத்துப் பாரிஸ் பொருட்காட்சியிலே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார் என்று இக்கலையின் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இயந்திரம் சொன்ன பொய்யை மனிதன் கை திருத்தியது. அதுவரையில் குற்றமில்லை.

அந்தக் கைவேலை எளிதாகவும் இருக்கவில்லை. நெகடிவில் எல்லாம் தலைகீழ்: படத்திலே கறுப்பாக விழவேண்டிய சுருக்கம், நெகடிவில் வெறும் கண்ணாடியாக வெளிச்சம் விடும். சாய்வு மேசையிலே நெகடிவை வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் வரச் செய்து, அதன்மேல் மெல்லிய வார்னீஷ் பூசி, ஊசிபோல் கூர் தீட்டிய பென்சிலால் அந்த வெளிச்சக் கோட்டை நுண்ணிய புள்ளிகளாலும் சுழிகளாலும் அடைக்க வேண்டும். எங்கே இருட்டு வேண்டுமோ அங்கே கத்தி முனையால் சுரண்ட வேண்டும். ஒரு முகத்துக்கு ஒருமணி நேரம் குனிந்திருந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். அந்தச் சிரமமே ஒரு தர்மத்தைக் காப்பாற்றியது என்று சொல்லத் தோன்றுகிறது. ஒவ்வொரு கோட்டின் முன்னும் அந்தத் தொழிலாளி ஒரு கணம் நின்று, இது இருக்கலாமா போகலாமா என்று யோசித்தான்.

1990-ல் போட்டோஷாப் என்னும் கணினிச் சாதனம் விற்பனைக்கு வந்த பிறகு இந்த யோசனை குறைந்தது. கைபேசி வந்த பிறகு அடியோடு போயிற்று. இன்று பல கைபேசிகள் தம்மை வாங்கியவனைக் கேட்காமலே அவன் முகத்தை வழவழப்பாக்கிக் கொடுக்கின்றன. 2020-ல் கூகிள் கம்பெனி தன்னுடைய பிக்ஸல் போன்களில் இந்த வசதி கேட்டாலொழிய இயங்காது என்று மாற்றியது. கேட்கவேண்டும் என்ற எளிய மரியாதையே ஒரு சீர்திருத்தமாக அறிவிக்கப்படும் காலத்தில் நாம் வாழ்கிறோம்!

எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது? பதினைந்து நாளில் தானே மறைந்து போகக்கூடியது எதுவோ அதை எடுக்கலாம். நாளைக்கும் அந்த முகத்தில் இருக்கப்போவதை எடுக்கக்கூடாது என்பதே நமது அபிப்பிராயம். பதினாறு வயதுப் பையனின் பரு, அன்று காலையில் சவரக்கத்தி கீறிய காயம், உதட்டு வெடிப்பு, ரயிலிலே தூங்காமல் வந்ததால் கண்ணடியில் விழுந்த கருமை இவையெல்லாம் அந்த நாளுக்குச் சொந்தம்; அந்த ஆளுக்குச் சொந்தமல்ல. மச்சமும், சிறு வயதில் மாமரத்திலிருந்து விழுந்த தழும்பும், தெற்றுப்பல்லும் ஆளுக்குச் சொந்தம். தாயார் தன் மகனை ஆயிரம் பேரிலே அறிந்துகொள்வது அவற்றைக் கொண்டுதான்.

குழந்தை விஷயத்தில் நமக்குச் சிறிதும் சமாதானமில்லை. அதன் மூக்கில் ஒட்டியிருக்கும் சோற்றுப் பருக்கையை எடுப்பதோடு ஸ்டூடியோக்காரரின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. ஏழு வயதிலே முன்பல் விழுந்த சிரிப்பு ஒரே ஒரு வருஷத்துக்குத்தான் கிடைக்கும். அந்த இடத்தில் பல்லை ஒட்டவைத்துக் கொடுப்பவர், அந்த வருஷத்தையே அந்தக் குடும்பத்தாரிடமிருந்து எடுத்துக்கொண்டு விடுகிறார். கன்னத்தைச் சிவப்பாக்குவதும் கண்ணைப் பெரிதாக்குவதும் இதே ஜாதியைச் சேர்ந்தவை.

வயோதிகர்களிடம்தான் சாமர்த்தியம் தேவைப்படுகிறது. காமிராவின் கடும் வெளிச்சம் பக்கத்திலிருந்து அடித்தால், உள்ள சுருக்கம் இரண்டு பங்காகத் தோன்றும் என்பது வாஸ்தவமே. அதற்குப் பரிகாரம் வெளிச்சத்தை மிருதுவாக்குவது. ஜன்னலோரத்தில் ஒரு வெள்ளை வேஷ்டியைத் தொங்கவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். பிறகும் குறைக்க வேண்டுமானால், திருத்தத்தைத் தனி அடுக்கில் செய்து, அந்த அடுக்கைப் பாதிக்குமேல் மங்கலாக்கிக் கோட்டைத் தணிக்கலாம், அழிக்கக்கூடாது. நெற்றியின் குறுக்குக் கோடுகள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வயலைப் பார்த்தவனுக்கு ஒரு விதமாகவும், வாயோரத்துக் கோடுகள் வாழ்நாளெல்லாம் சிரித்தவளுக்கு வேறு விதமாகவும் விழுகின்றன. நாற்பது வருஷம் எழுதிய அந்த எழுத்தை நான்கு விநாடியிலே துடைத்துவிட்டால் மிஞ்சுவது யாருடைய முகம்? வேடிக்கை என்னவென்றால், முகத்தை மட்டும் முப்பது வயதாக்கிவிட்டுக் கழுத்தையும் கைகளையும் மறந்துவிடுகிறார்கள். எழுபது வயதுக் கையின்மேல் முப்பது வயது மோவாயை ஊன்றிக்கொண்டு வீற்றிருக்கும் படங்களை நாம் பல கூடங்களில் பார்த்திருக்கிறோம்.

இவற்றையெல்லாம் ரசனைக் குறைவு என்று சொல்லி விட்டுவிடலாம். நிறத்தின் விஷயத்தை அப்படி விடமுடியாது. நமது ஸ்டூடியோக்களிலே கேட்காமலே செய்யப்படும் முதல் திருத்தம் வெளுப்பாக்குவது. மாநிறத்துப் பெண் கோதுமை நிறமாகிறாள். கறுத்த பிள்ளை மாநிறமாகிறான். இதற்கு நமது ஜனங்களின் மோகம் ஒரு காரணம். பிலிம் பிறந்த இடம் மற்றொரு காரணம். கோடாக் கம்பெனி தனது வர்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க லாபரட்டரிகளுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவளுடைய தோல் சரியாக விழுந்தால் எல்லாம் சரி என்பது அளவுகோல். கறுத்த முகங்கள் விவரமில்லாமல் இருண்டு விழுந்தன. இருண்டு விழுந்ததைத் தூக்குகிறோம் என்று தொடங்கி, முகத்தையே வெளுக்க வைக்கும் பழக்கம் கைக்கு ஏறிவிட்டது. 1975-ல் நமது தேசத்தில் விற்பனைக்கு வந்த ‘ஃபேர் அண்டு லவ்லி’ என்னும் களிம்பு, உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பின் 2020-ல் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. களிம்பு பெயரை மாற்றிக்கொண்டது. ஸ்டூடியோ இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. வெள்ளைக்காரன் 1947-ல் கப்பலேறிய பிறகும், வரன் பார்க்கும் படத்திலே அவனுடைய நிறத்தை நோக்கி நமது பெண்களை ஒரு படி தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதை எண்ண வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெண்ணை நேரில் பார்க்க வருகிறவர்கள் முதல் நொடியிலே முகம் சுளித்தால், அந்த அவமானத்தைப் பெறுவது படத்தைத் திருத்தியவரா, அவளா?

நமது வாசகர்களிலே அரசியல் தொண்டர்கள் அநேகர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுபது கடந்த தலைவரை முப்பத்தைந்து வயது யுவராக அச்சடித்து நாற்சந்தியிலே நிறுத்துவது பக்தி என்று அவர்கள் நினைக்கிறார்கள். நமது ரூபாய் நோட்டிலே இருக்கும் காந்தியடிகளின் முகம் 1946-ல் பெதிக் லாரன்ஸ் பிரபுவின் பக்கத்தில் நின்றபோது எடுத்த படத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. அப்போது அடிகளுக்கு வயது எழுபத்தாறு. பொக்கைவாய்ச் சிரிப்பும் கண்ணோரத்து மடிப்புகளும் அப்படியே கோடு கோடாகச் செதுக்கப்பட்டு நோட்டில் இருக்கின்றன. பாரிஸ்டர் படிப்பு முடித்து வந்த இளைஞனின் படமும் கிடைக்கிறது. அதை யாரும் தேடவில்லை. எதிர்ப்புறத்தில் ஸ்டாலினைப் பாருங்கள். அவர் முகத்து அம்மைத் தழும்புகளை ரஷ்யப் பத்திரிகைகளிலே திருத்துக் கலைஞர்கள் முதலில் மெழுகினார்கள். பிறகு, மாஸ்கோ கால்வாய்க் கரையில் அவருக்கு அருகே நின்ற போலீஸ் அதிகாரி எழோவ் 1940-ல் கொல்லப்பட்டதும், அவரையே படத்திலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் தண்ணீரை வரைந்தார்கள். தழும்பை எடுத்த கைக்கும் ஆளை எடுத்த கைக்கும் தொழில் ஒன்றே.

சில தேசங்கள் சட்டத்தைத் துணைக்கு அழைத்திருக்கின்றன. விளம்பரப் படத்திலே உடலைப் பருமனாகவோ மெலிதாகவோ மாற்றியிருந்தால் ‘திருத்திய படம்’ என்று அச்சிடவேண்டும் என்று பிரான்ஸ் 2017-ல் விதித்தது. மீறினால் 37,500 யூரோ வரை அபராதம். நார்வேயில் 2022 முதல் தோலைத் திருத்தினாலும் அப்படியே குறிக்கவேண்டும். பிரிட்டனில் 2011-ல், சுருக்கத்தை மறைக்கும் பூச்சு என்று லொரேயால் கம்பெனியார் வெளியிட்ட விளம்பரம், படத்தை எவ்வளவு திருத்தினார்கள் என்று அவர்களால் ருசுப்படுத்த முடியாததால் தடுக்கப்பட்டது. பூச்சு செய்ததாகச் சொன்ன வேலையைக் கணினி செய்திருந்தால் அது வியாபார மோசடி என்பதில் ஐயமென்ன? நமது சர்க்காரும் விளம்பரங்களுக்கு நார்வேயின் விதியைப்போல் ஒன்றைச் செய்யவேண்டும். தோலைச் சேர்க்காத பிரெஞ்சு விதி, வெளுப்பு மோகம் கொண்ட நமது தேசத்துக்குப் போதாது.

ஸ்டூடியோக்களுக்குச் சட்டம் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. குடும்பப் படத்துக்குள்ளே போலீஸ் வந்து நிற்க வேண்டாம். எடுக்கு முன்பே, எதைத் திருத்தலாம் என்று எதிரே உட்கார்ந்திருப்பவரைக் கேட்கட்டும். அவர் தாத்தாவானால், பக்கத்தில் நிற்கும் பேரனைக் கேட்காமல் அவரையே கேட்கட்டும். நிறத்தில் கை வைக்கவேண்டாம். திருத்திய படத்தைக் கொடுக்கும்போது திருத்தாத மூலப் படத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடட்டும். கணினியிலே அது ஏற்கெனவே இருப்பதுதான். அதைக் கொடுப்பதில் அவர்களுக்கு ஒரு காசும் அதிகச் செலவு கிடையாது.